பொருக்கு உதிரும் வரை அந்தத் தலை உங்கள் பொறுப்பு

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்யும் டாக்டர்களுக்கும், கிளினிக் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சலூன் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. உங்களிடம் முடி நட்டுக்கொண்டு போகிற பையன்களில் பலர் அடுத்த இரண்டு வாரத்துக்குள் எங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை. "அண்ணே, இந்தப் பொருக்கைக் கொஞ்சம் எடுத்து விடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். மஞ்சக்குப்பத்திலும் பாகூர் பக்கத்திலும் கடை வைத்திருக்கிற தொழில்காரர்களிடம் பேசினால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

எங்கள் கடைக்கு வரவேண்டிய வேலை இல்லை இது. நாள் ஆகும் முன்பே ஒருவர் தலையில் ஒட்டியிருக்கும் பொருக்கை நாங்கள் தெரியாமல் பிய்த்துவிட்டால், அவர் கடன் வாங்கிக் கட்டிய பணமும் நடுவதற்காகப் பின்மண்டையிலிருந்து எடுத்த முடியும் வீணாகிவிடலாம். பின்மண்டையில் இருக்கிற முடிக்கு ஒரு அளவு உண்டு. எடுத்தது போனால் போனதுதான், அந்த இடத்தில் அது திரும்ப முளைக்காது. அதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான்: பொருக்கு முழுசாக உதிரும் வரை அந்தத் தலை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். எப்படிக் கழுவுவது, எப்போது பொருக்கை எடுப்பது என்பதைத் தமிழில், தேதி போட்டு, வீட்டு ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்து காட்டி அனுப்புங்கள்.

சமீபத்தில் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஊர். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். தொப்பியைக் கழற்றச் சொல்லி லைட்டுக்குக் கீழே பார்த்தேன். நட்ட ஒவ்வொரு முடியைச் சுற்றியும் கடுகளவு கறுத்த பொருக்கு. அது எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் நெற்றி ஓரத்தில் மட்டும் பொருக்கெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மஞ்சளாகத் தகடு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. கேட்டால், ஆபரேஷன் முடிந்ததிலிருந்து தலையில் தண்ணீரே படவில்லை என்கிறான். பாட்டி தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருக்கிறார். சட்டைப் பையில் கிளினிக் கொடுத்த தாள் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். மூன்றாம் நாள் கழுவவும், பத்தாம் நாள் பொருக்கை அகற்றவும் என்று அதில் இருக்கத்தான் செய்தது. அந்தத் தாளை வீட்டில் யாரும் படிக்கவில்லை. அங்கே போன் போட்டோம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். நான் கடை சாத்தும் வரை பதில் வரவில்லை.

அவன் அம்மாவையோ பாட்டியையோ நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் தலையில் புண் என்றால் முதலில் சொல்வதே "தண்ணி படக்கூடாது, சீழ் வச்சிடும்" என்பதுதான். பிள்ளை மேல் உள்ள அக்கறையில் சொல்வது. அவர்களிடம் நீங்கள் "கழுவுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஏன் கழுவ வேண்டும் என்று சொல்ல வேண்டும். நட்ட இடத்தில் கசிகிற ரத்தமும் நீரும் காய்ந்துதான் பொருக்காகிறது. முதல் சில நாள் சலைன் ஸ்ப்ரே அடித்து ஈரமாக வைத்து, நீங்கள் சொன்ன நாளிலிருந்து மெதுவாகக் கழுவி வந்தால் பொருக்கு சின்னதாகவே இருக்கும், தானாக இளகும். கழுவாமல் விட்டால் கெட்டிப்படும், அரிக்கும், இரவில் தூக்கத்தில் கை தானாகப் போகும். அடியில் அழுக்கு தேங்கி முடிக்காலில் கொப்புளம் வரலாம். இதை டாக்டர் வாயால் ஒரு தடவை கேட்டால் எந்த அம்மாவும் கேட்டுக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் வருகிறார்கள். ஆபரேஷன் ஆன நாலாம் நாளே ஷவருக்குக் கீழே நின்று, வழக்கம்போல நகத்தால் தேய்த்து, ரத்தம் வந்த பிறகு பதறிக்கொண்டு வருகிறவர்கள். ஒருவர் பயந்து தொடவே இல்லை, ஒருவர் பயமில்லாமல் தேய்த்துவிட்டார். இரண்டு பேருக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

எந்த நாள்வரை ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததா? 2006இல் அமெரிக்க டாக்டர்கள் பெர்ன்ஸ்டைனும் ராஸ்மேனும் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாளில் முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்ட், அதாவது வேரோடு நட்ட முடி, வெளியே வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கைப் பிய்த்தபோது ஐந்தாம் நாள் வரையிலும் கிராஃப்ட் கூடவே வந்தது. ஒன்பதாம் நாளுக்கு மேல் இழுத்தும் எதுவும் வரவில்லை. என் கடைக்கு வரும் தோல் டாக்டர் ஒருவர் இதை எனக்கு விளக்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த விவசாயி ஒருவர், "நட்ட மறுநாள் நாத்தை இழுத்தா கையோட வரும், வேர் பிடிச்சப்புறம் இழுத்துப் பாரு" என்றார். அவருக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது. உங்கள் தாளில் இருக்கிற ஆங்கிலத்தில் இது யாருக்கும் புரியவில்லை.

நாள் கணக்கிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் வீடுகளில் நல்லது கெட்டது எதுவானாலும் அந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். நீங்கள் ஆபரேஷனுக்கு மறுநாளை ஒன்று என்று எண்ணுவீர்கள். ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. பொருக்கு விஷயத்தில் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் "பத்தாம் நாள்" என்று எழுதாமல், "இந்தத் தேதி, இந்தக் கிழமை" என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

முதல் கழுவலை உங்கள் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ உங்கள் நர்ஸோ கழுவ வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பேபி ஷாம்புவைக் கையில் நுரைத்து, அந்த நுரையை மட்டும் மேலே ஒத்தி வைப்பது, பிறகு ஷவர் இல்லாமல் சின்ன மக்கில் தண்ணீரை மெதுவாக ஊற்றுவது, துண்டால் தேய்க்காமல் தானாக உலர விடுவது, இதையெல்லாம் வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. எத்தனையோ வருஷம் தலை பிடித்த கை இது, நான் சொல்கிறேன்: அழுத்தம் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தவர் விரல் தன் தலையில் எவ்வளவு லேசாகப் படுகிறது என்று உணர்ந்தவன், வீட்டில் அதே அளவுக்குத்தான் தொடுவான்.

அப்புறம் அந்தப் பத்தாம் நாள் கழுவல். உண்மையில் பொருக்கு எடுப்பது அன்றைக்குத்தான் ஆரம்பம். நுரையையோ நீங்கள் கொடுக்கிற லோஷனையோ போட்டு, பொருக்கு ஊறும் வரை பொறுமையாக விட்டு, விரல் நுனிச் சதையால் சின்னச் சின்ன வட்டமாக நகர்த்த வேண்டும். நகம் படவே கூடாது. ஊறாத பொருக்கை விட்டுவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று யாரும் அவசரப்படக் கூடாது, இரண்டு மூன்று கழுவலில் வந்தால் போதும். அதே சமயம் இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே கிடந்தால், பையனை வரச் சொல்லி நீங்களே பார்க்க வேண்டும். நெய்வேலியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் திரும்ப வர முடியாதுதான். சரி, அவர்களுக்கு வீடியோ காலில் பார்த்துக்கொண்டே கழுவ வையுங்கள். அதையும் ஒரு நர்ஸ் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்க்கிற பயம் ஒன்று உண்டு. பொருக்கு உதிரும்போது அதோடு ஒரு குட்டை முடியும் சேர்ந்து வரும். அதன் நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் நட்டதே வேரோடு போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் அந்த முடியை வைத்துக்கொண்டு என் கடை வாசலில் அழுத பையனைப் பார்த்திருக்கிறேன். முடி உதிரும், முடிக்கால் உள்ளே இருக்கும், பத்து நாள் தாண்டி ரத்தம் வராமல் பொருக்கோடு வருகிற முடிக்குப் பயப்பட வேண்டாம் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான். அடுத்த சில வாரங்களில் நட்டதில் பெரும்பாலும் கொட்டிவிடும், மூன்றாம் நாலாம் மாதம்தான் புதிதாக முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகலாம் என்பதையும் பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து செய்துகொள்கிறவனிடம் "இப்ப வேண்டாம் தம்பி" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நம் ஊர் வாழ்க்கைக்குத் தகுந்த மாதிரி அந்தத் தாளை எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டுத் தாளை அப்படியே நகல் எடுத்தது போல "நீச்சல் குளம் தவிர்க்கவும்" என்று இருக்கிறது. எங்கள் பையன் நீச்சல் குளத்துக்கு எங்கே போகிறான்? மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலில் முங்குவான், அதை எழுதுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். கோயிலில் சாஷ்டாங்கமாக விழக்கூடாது, முதல் சில நாள் தலை குனிந்தால் வீக்கம் கண்ணுக்கு இறங்கும் என்று எழுதுங்கள். விபூதியை நெற்றி ஓரம் வரை இழுக்க வேண்டாம் என்று எழுதுங்கள். திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டுதல் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கத்தி எப்போது படலாம் என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வண்டி ஓட்டி வந்தவனையும், கூட்டமான பஸ்ஸில் கம்பியில் தலை இடித்துக்கொண்டவனையும் எனக்குத் தெரியும். எங்கள் கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. தலை கழுவ என்ன தண்ணீர் என்று கேட்டுச் சொல்லுங்கள். மே மாத வெயிலில் வேர்வை எப்படி ஊற்றும் என்பது உங்களுக்கும் தெரியும், அந்த மாதத்தில் வருகிறவருக்குத் தனியாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சிகிச்சையை யார் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்தோ பயிற்சிப் பட்டறையில் வேடிக்கை பார்த்தோ கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. முறைப்படி படித்துச் செய்கிற டாக்டர்கள் இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷன் மேஜைக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, அதற்குப் பிந்திய இரண்டு வாரத்தை யாருக்கும் சொந்தமில்லாததாக விடுவது நியாயமில்லை. படிக்காத ஆள் ஊசி போடக் கூடாது என்றால், பயிற்சி இல்லாத நான் ஏன் பொருக்கெடுக்க வேண்டும்?

ஏனென்றால் நான் மறுத்தால் அவன் அடுத்த கடைக்குப் போவான். அங்கேயும் மறுத்தால் கண்ணாடி முன்னால் நின்று தானே சுரண்டுவான். இரவு பத்து மணிக்கு அரிக்கும்போது, ரத்தம் கசியும்போது, கண் வீங்கிப் போகும்போது எடுத்துப் பேசுகிற ஒரு போன் எண் வேண்டும். பணம் கட்டும் முன்பு எந்த நேரம் அழைத்தாலும் எடுத்துப் பேசினீர்கள். பணம் கட்டிய பிறகும் அப்படி எடுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதைச் செய்யத் தயாராக இருக்கிறோம். பின்மண்டையில் எத்தனை நாளுக்குப் பிறகு மெஷின் போடலாம், முன்பக்கம் கத்தரி எப்போது, சாயம் எப்போது, என்ன மாதிரி இருந்தால் உடனே உங்களிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்போம். செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடை விடுமுறை. கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாள் ஒதுக்கி எங்கள் தொழில்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஆட்களை அழைத்து வரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சலூன் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்