இரண்டாயிரம் ஜெர்பரா

வேலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

திட்டாதே. பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். மாமா அந்த டிவிஎஸ் 50-ஐ இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டார்.

போன முகூர்த்தத்தில் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்தேன். ஓசூர்ப் பக்கத்துச் சிவப்பு ஜெர்பரா, அதுதான் சூரியகாந்தி மாதிரி விரிந்திருக்குமே அந்தப் பூ, நானூறு. மண்டபத்தில் ஏசி படுத்துவிட்டது. வரவேற்பு முடிவதற்குள் இதழ் ஓரமெல்லாம் கருகித் தலை தொங்கிவிட்டது. பெண்ணின் அப்பா போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டிக் கூலியில் ஐயாயிரம் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து புலம்பினால், ஓவியக் கல்லூரியில் படிக்கும் சின்னவள் சிரிக்கிறாள். அன்யா கலாச்சியோ என்று ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு கலைஞராம். 1991-இல் சுமார் 2,000 சிவப்பு ஜெர்பராவைக் கண்ணாடிக்குப் பின்னால் நெருக்கி அடுக்கி, அப்படியே வாட விட்டிருக்கிறார். அந்த ரகத்தின் பெயரே 'பியூட்டி'. பூஞ்சை பிடித்து, அழுகி, கழன்று தரையில் விழுவதுதான் காட்சி. லண்டன் டேட் அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது. காட்டும்போதெல்லாம் புதுப் பூ அடுக்க வேண்டும். எனக்கு ஐயாயிரம் போச்சு, அவருக்கு மியூசியம்!

இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் உங்கள் ஊர்ப் பாரதக் கூத்துத் திருவிழா ஞாபகம் வந்தது. துரியோதனன் சாகும் படுகளத்தன்று அவ்வளவு பெரிய மண் துரியோதனனைப் படுக்க வைத்து, மீசை, கிரீடம் எல்லாம் பார்த்துப் பார்த்து வரைவார்களே. வெயில் ஏறுவதற்குள் பீமன் வந்து தொடையை உடைத்துவிடுவான். வீணாகிவிட்டதென்று யாராவது சொன்னார்களா? நெல் குதிரில் போட அந்த மண்ணுக்கு அடிதடி. நீ டவுசர் பையில் அள்ளிக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் அடி வாங்கினாயே, அது வேறு கதை.

நானோ இருபது வருஷமாக வாடுவதை மறைத்துத்தான் கூலி வாங்குகிறேன். வாடிய பிறகு ஒரு பூவை நின்று பார்த்ததே இல்லை, சேகர். மறுநாள் விடிவதற்குள் மூட்டை கட்டி ஏற்றிவிடுவோம்.

இந்தத் தடவை மட்டும் மிச்சப் பூவைப் பழைய ஷோகேஸ் கண்ணாடி இரண்டுக்கு நடுவே வைத்துக் கிளிப் போட்டுக் கொட்டகையில் சாத்தியிருக்கிறேன். ஐந்தாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை. இன்று ஒன்பதாம் நாள். சிவப்பு போய்க் காய்ந்த புளி நிறம், ஒரே ஒரு பூ மட்டும் நடுவில் அடம்பிடிக்கிறது. நாற்றம் தாங்கவில்லையென்று வீட்டுக்காரி செவ்வாய்க்கிழமை வரைதான் கெடு கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமைக்குள் வந்துவிடேன்.

உன்,
மணி