யாரும் மறுத்துப் பேசவில்லை என்றாயே

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்கள் மனதிலேயே நிற்கின்றன. பொறுப்பேற்று நான்கு மாதமாகியும் குழுவில் ஒருவர்கூட உன்னை மறுத்துப் பேசியதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாய். அப்புறம், ஒருவர் அரைகுறையாகத் தரும் அறிக்கையை, அவரிடம் சொல்ல மனம் வராமல், இரவில் நீயே உட்கார்ந்து திருத்துகிறாய் என்றும் சொன்னாய். இரண்டும் ஒன்றுதான் அம்மா. அவரிடம் சொல்ல உனக்குச் சங்கடம். உன்னிடம் சொல்ல அவர்களுக்குச் சங்கடம்.

நான் சூப்பர்வைசரான புதிதில் ஒரு பையன் எல்லோர் முன்னாலும், "சார், இந்தக் கணக்கு இடிக்குதே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "உன் வேலையைப் பார்" என்று அடக்கிவிட்டேன். சரக்கு மொத்தமும் திரும்பி வந்த அன்று அவனைக் கூப்பிட்டேன். "எனக்குத் தெரியும் சார், மறுபடி சொல்லத் தோணல" என்றான். நஷ்டம் மறந்துவிட்டது, அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. அதுவரை என் ஷிப்டில் யாரும் வாயைத் திறக்காததை நான் ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கிடைத்ததோ நேர்மாறு. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பது பிறகே அவருக்குப் புலப்பட்டது. 1999-இல் வெளியான ஆய்வில் அந்தச் சூழலை 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் விரித்து எழுதினார். பெயரைப் பார்த்து, எல்லோரும் இதமாக இருப்பது என்று எடுத்துக்கொள்ளாதே. பேசுகிறவருக்குப் பயம் போக வேண்டுமானால், கேட்கிற உனக்குத்தான் சங்கடம் வந்து சேரும். அதைத் தாங்குவதற்குத்தான் உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் "ஏதாவது கருத்து உண்டா?" என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். "இந்தத் திட்டம் எந்த இடத்தில் சொதப்பும்?" என்று கேள். முதலில் பேசுகிறவரிடம் நீ காட்டும் முகத்தைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடனே விளக்கம் சொல்லக் கிளம்பாதே, "இன்னும் சொல்லுங்க" போதும்.

அந்த அறிக்கைக்காரரைத் தனியாக உட்காரவைத்து, எந்தப் பக்கத்தில் எது தவறு என்று காட்டு. ஆளைக் குறை சொல்லாதே. அவர் முகம் வாடும், கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அதைப் பொறுக்கமுடியாமல் "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே. இத்தனை நாள் நீ திருத்தியதால் தன் தவறு என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது, பாவம்.

பேசி முடித்ததும் கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அப்பா