பேத்திக்கு வாங்கும் பிளேடு

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாவரவியல் செய்முறை வகுப்புக்கு உன் பேத்தி பிளேடு கேட்டதாகவும், நீ சவரம் செய்து வைத்திருந்த ஒன்றையே எடுத்துக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். அவளுக்குப் புதியதாக வாங்கிக் கொடு.

நாம் அரளி இலையைக் கேரட் துண்டின் பிளவில் செருகி, பிளேடைத் தண்ணீரில் நனைத்து, நம் பக்கமாக ஒரே இழுப்பில் சீவியது உனக்கு நினைவிருக்கும். சீவல்களைத் தூரிகையால் எடுத்து நீரில் மிதக்கவிட்டு, அவற்றுள் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதைத் தேடி, சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், இலையின் அடிப்புறக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலைத்துளைகள் தெரியும். பழைய பிளேடால் சீவியபோதெல்லாம் அந்தக் குழிகள் கிழிந்துதான் கிடைத்தன. எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படிப் பிளேடை மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினார்கள்: விளிம்பு சீராகத் தேய்வதில்லை, முடி சாய்ந்து படும்போது, எஃகின் அமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. அந்தப் பிளேடு தையல் பிரிக்கவும் பென்சில் சீவவும் போதும், இலைக்குப் போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் நான் குப்பையோடு போட்ட ஒரு பிளேடு, எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் அம்மாவின் ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. காகிதத்தில் சுற்றித்தான் போட்டிருந்தேன். ஈரத்தில் காகிதம் பிரிந்துவிட்டது. ஊசி போட அழைத்துச் சென்றேன் என்றாலும் மனம் ஆறவில்லை. மழுங்கியதும் எறிந்துவிடும்படியான மெல்லிய பிளேடுக்கு அமெரிக்கரான கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்றார். எங்கே எறிவது என்பதைத்தான் நாம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை. பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறை மருந்துப் பெட்டியின் பின்புறம் ஒரு கீறல் வைத்து, பிளேடுகள் சுவருக்குள்ளேயே விழும்படி செய்திருந்தார்கள். நான் இப்போது ஒரு பால்பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் கீறலையும் அடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே பெரிதாக எழுதி, பழைய இரும்புக்காரரிடம் சொல்லியே கொடுப்பேன்.

உன் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா வை. பேத்தி வெட்டிய இலையில் குழிகள் தெரிந்தனவா என்று கேட்டு எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஆய்வக மேசைத் தோழன்