நானும் தலையாட்டினேன்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். நெட்டையன் இன்னும் அந்தப் பணத்தைத் தரவில்லை, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுதக் காரணம், போன வாரம் வழிபாட்டில் நடந்த ஒரு விஷயம். (உடனே சிரிக்காதே. நீ கும்பிடாதவன், நான் கும்பிடுகிறவன். முப்பது வருஷச் சண்டையை இன்றைக்கு எடுக்க வேண்டாம்.) பேச்சு முடிகிற நேரத்தில் எங்கள் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாருக்கு ஓட்டுப் போடணும்னு உங்களுக்கே தெரியும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கட்சிப் பெயரையும் சொன்னார், அது நம் கடமை என்றார். பாதிக் கூட்டம் தலையாட்டியது. பத்து வருஷமாக என் பக்கத்தில் உட்காருகிறவர், அப்பா இறந்த அன்று ராத்திரி முழுக்க என்னோடு கண்விழித்தவர், இன்னொரு கட்சிக்காரர், மடியிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று ஒவ்வொருவர் முழங்காலையும் தாண்டி வெளியே போனார்.

தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். பெரியவர் சொன்னது என் கட்சியை. வேறு கட்சியைச் சொல்லியிருந்தால், மதத்தில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று நான்தான் முதலில் எழுந்து கத்தியிருப்பேன். அதுதான் ஒரு வாரமாகக் குடைகிறது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவுப்படி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் ஜெயித்ததே செல்லாமல் போகலாம். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, ஓட்டுப் போடுகிறவரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்பு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஏழு நீதிபதிகளில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில்! ஆனால் அந்தப் பிரிவு வேட்பாளர், அவருடைய முகவர், அவர் சம்மதத்தோடு பேசுகிறவர் என்றுதான் போகிறது. தானாகப் பேசுகிற பெரியவருக்கு, மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988 சட்டம் இருக்கிறது: வழிபாட்டு இடத்தை அரசியல் வேலைக்கு விட்டால் ஐந்து வருஷம் வரை சிறை. அமெரிக்காவில் 1954இல் வரிவிலக்கில் கை வைத்தார்கள், மத அமைப்புகள் வேட்பாளரை ஆதரித்தால் அந்தச் சலுகை போகும் என்று.

சரி, சட்டம் கிடக்கட்டும். பெரியவர் மேல் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள், நானா? என் கட்சியைப் பற்றி உனக்குத் தெரியும், சீட்டுப் பேரம் படியாவிட்டால் ஒரே ராத்திரியில் கூட்டணி மாறும். அப்போது போன வாரத்துக் கடமை என்ன ஆகும்? கடவுளும் கூடவே மாறுவாரா? இதை நீ கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

அன்று எழுந்து போன என் பக்கத்து இடத்துக்காரர் இந்த வாரம் வரவில்லை. அவர் இடத்தில் என் பையை வைத்திருந்தேன், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று. நேற்று அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது? சமாதானம் பேசுவதில் நீதான் கெட்டிக்காரன், உடனே எழுது. நெட்டையனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

உன்,
கணக்கில் கோட்டைவிட்டவன்