கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுங்கள், ஐயா

ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும் டாக்டோரல் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கமிட்டியில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் பிஎச்டி ஆய்வுக்காகக் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் 22 பெண்களிடம் நேர்காணல் எடுத்திருக்கிறேன் என்றதும் “மீதி எங்கேம்மா?” என்றீர்கள். அடுத்து, “க்ரான்பாக் ஆல்ஃபா எவ்வளவு?” அது மதிப்பெண் போடும் கேள்வித்தாளில் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் எண், வாசலில் உட்கார்ந்து பேசியதற்கு எப்படிப் பார்ப்பது? எத்தனை பேர் என்பதற்கு, புதிதாக எதுவும் கிடைக்காத கட்டம் வந்தால் நிறுத்தலாம் என்று கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1967-லேயே எழுதிவிட்டார்கள். இதையும் நானாகத் தேடித்தான் படித்தேன்.

எண்ணிக்கை கிடக்கட்டும். என் முதல் நேர்காணலைக் கேளுங்கள்.

அந்த அக்கா மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நம் அலுவலகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். “இதுல கையெழுத்து போட்டா பீடி கார்டு பூடுமாம்மா?” என்றார். பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைத்தான் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு நான் கேட்டதெல்லாம் “கூலி போதுமா?”, “கை வலிக்குதா?” ரகம். “ம்”, “இல்லம்மா”, “வலிக்கும்”. 11 நிமிடத்தில் முடிந்தது. அவர் கை மட்டும் ஒரு நொடி நிற்கவில்லை. ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தபோது சொன்னார்: “ஏஜெண்டு கழிச்சுப் போடுற பீடிய பத்தி கேப்பேன்னு பாத்தேன்.”

“நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுக்கா” என்று ஆரம்பித்தால், தரமில்லை என்று ஏஜெண்ட் ஒதுக்கும் பீடியின் கதை தானாக வரும். ஏழெட்டுப் பேரின் நேரத்தைப் பாழாக்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு அந்த நேரம் கூலி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பிஎச்டிக்கான பாட வகுப்புகள், அதாவது கோர்ஸ் வொர்க், குறைந்தது 12 கிரெடிட். அதில் நேர்காணலுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரு மதியம், ஒரு பிபிடி. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான பயிலரங்கம் மட்டும் வருடம் தவறாமல் நடக்கிறது: கட்டணம், சமோசா, குரூப் போட்டோ, சான்றிதழ். என்னிடம் மூன்று சான்றிதழ் இருக்கிறது. எதைக் காட்டினாலும் அந்த அக்கா பேசப்போவதில்லை.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். கேட்பது இதுதான்: களத்துக்கு அனுப்பும் முன் நேர்காணல் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். தமிழில். எங்களுக்குள் ஒருவரையொருவர் பேட்டி எடுக்கவிட்டு, அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டு, எந்த இடத்தில் குறுக்கே பேசினோம் என்று காட்டுங்கள். முதல் இரண்டு பேட்டிக்காவது அனுபவமுள்ள ஒருவர் கூட வரட்டும். ஒப்புதலைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவு செய்ய அனுமதி கொடுங்கள்.

அடுத்த கமிட்டிக்கு முன் ஒரு தேதி சொன்னால் போதும். சமோசா செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

பணிவுடன்,
வேலூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி