உருளி இறக்கின கையோடு

அன்பு மக்களுக்கு, அம்மா எழுதுவது.

நம்ம பலா மரத்துச் சக்கை போட்டோ அனுப்பினதுக்கு நீ ஒரு பெருவிரல் பொம்மை போட்டிருந்தே. பார்த்தேன். அதை வச்சு நீ சாப்பிட்டியா, தூங்கினியா, வேலை எப்படிப் போகுதுன்னு நான் என்னத்தைக் கண்டுபிடிக்க? போன் பண்ணினா 'மீட்டிங்மா'ன்னு வச்சிருவே. கடுதாசியை அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்லா. அதான் பேப்பர் எடுத்து உட்கார்ந்துட்டேன்.

கிணத்தடி வரிக்கை இந்த வருஷம் அடிமரத்துல இருந்தே காய்ச்சிருக்கு. முதல் சக்கையை அப்பா கயிறு கட்டி இறக்கினாவ. பெரியம்மை வீட்டுக்குப் பாதி குடுத்துட்டு, மீதியை வெல்லம் போட்டுக் கிண்டுற சக்கை வரட்டிக்கு எடுத்தேன். கையில தேங்காயெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு சுளை பறிச்சு, குரு எடுத்து, வேகவச்சு அரைச்சு உருளியில தட்டிட்டோம்னா அப்புறம் வாசல்ல யாரு கூப்பிட்டாலும் நகர முடியாது. வெல்லத்தை உருக்கி வடிகட்டித்தான் விடணும், இல்லேன்னா கல்லு கடிக்கும். விட்ட உடனே தண்ணியா இளகும், பயப்படக் கூடாது, அது இறுகும். இறுகும்போதுதான் தெறிக்கும். கையில துவர்த்துத் துண்டைச் சுத்திக்கணும். நெய்யை ஒரே மூச்சுல கொட்டாம விட்டு விட்டுக் கிண்டிக்கிட்டே வந்தா, ஒரு நேரத்துல சட்டுவம் போன வழியில உருளியோட அடி பளிச்சுன்னு தெரியும், உடனே மூடாது. அதுதான் பதம். சுக்கும் ஏலமும் போட்டு இறக்கிட்டேன். நீ கேக்கலைதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

டப்பாவுல ஈரக்கரண்டி போடாதே. போன வருஷம் மேலே பூத்துப் போச்சுன்னு சொன்னே, அது ஈரக்கரண்டியால வந்தது, என் பக்குவத்துல குறை இல்லை.

இங்க டிவிதான் வீட்டை ஆளுது. அப்பாவுக்குக் காலையில நூலகம் போய்ப் பேப்பர் எல்லாம் பார்த்தாகணும், சாயங்காலம் அதே செய்தியை டிவியில நாலு பேர் சண்டை போட்டுச் சொல்லணும். கல்கி 2020-ல அச்சுல நின்னதுல இருந்து அவுகளுக்கு வாரக்கணக்கே தப்பிப் போச்சு. போன்ல வருதுன்னு பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் காட்டினான். கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்துட்டு, 'இதுல எங்க மடக்கி வைக்க'ன்னு திருப்பிக் குடுத்துட்டாவ. நான் எட்டரை மணி தொடரோட சரி. அந்த மாமியார் இன்னும் அதே படிக்கட்டுலதான் நிக்குறா, நீ போன தடவை வந்து பார்த்த இடத்துல இருந்து கதை ஒரு அடி நகரலை.

அந்தத் தொடர் போடும்போது மாப்பிள்ளை நினைப்பு வரும். மகாராஷ்டிரா ரத்னகிரிக்காரருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் குடுத்தது நானா, டிவியான்னு இப்பவும் தெரியலை. பாட்டு முடிஞ்சு பேரு ஓடும்போது, 'ஆயி, இரு இரு'ன்னு சொல்லிட்டு எழுத்துக்கூட்டி வாசிப்பாரு. ழகரம் வந்தா என் முகத்தைப் பார்ப்பாரு. முதல் தடவை வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டப்ப எனக்குத் தெரிஞ்ச வடக்கத்திப் பேச்செல்லாம் 1987-ல ஞாயித்துக்கிழமை ராமாயணத்துல கேட்டதுதான். 'ஆயுஷ்மான் பவ'ன்னுட்டேன். நீ அடுக்களையில போய்ச் சிரிச்சே. அப்பா அப்பவும் முகம் குடுக்காம பேப்பரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாவ. மாப்பிள்ளை பையில இருந்து பணஸ்போளி எடுத்து, சக்கையைத்தான் தகடாக் காய வச்சதுன்னு சொல்லி, எங்க ஊர்ல காப்பா, பர்கான்னு ரெண்டு ஜாதி உண்டு, ஒண்ணு கெட்டிச்சுளை, மத்தது குழைஞ்ச சுளைன்னு விளக்கினாரு. 'அப்ப காப்பா வரிக்கை, பர்கா கூழன்'னு பேப்பருக்குப் பின்னால இருந்து சத்தம் வந்துது. கல்யாணப் பத்திரிகையில பேரு போடாதேன்னு நின்ன மனுஷன்.

அன்னைக்கு வீடியோவுல பேசினப்ப உன் பின்னால புத்தக அலமாரி தெரிஞ்சுது. மேல்தட்டு ரெண்டும் காலியா இருந்துது. மராத்திப் புத்தகமெல்லாம் இருக்குமே, அந்தத் தட்டு. தூசி தட்ட எடுத்து வச்சிருப்பீங்க. இல்லே பெயிண்ட் அடிக்கீங்களோ? அடிக்கிறதா இருந்தா மழைக்கு முன்னால அடிச்சிரணும், அங்கேயும் ஜூன்ல மழை பிடிச்சிருமே. பெயிண்ட் வாசனையில படுக்காதீங்க, தலைவலி வரும். கீழ்த்தட்டு உன் புத்தகம் அப்படியே இருந்துது. பெயிண்ட் அடிக்கிறவங்க ஒரு தட்டை மட்டும் எடுப்பாங்களான்னு யோசிச்சேன். அது கிடக்கட்டும்.

நீ புத்தகம் படிக்கிறதே இல்லைன்னு சொன்னது எனக்குச் சரியாப் படலை. பொன்னியின் செல்வன் கல்கியில 1950-ல இருந்து 1954 வரை வந்ததை ஆச்சி வாரா வாரம் கிழிச்சு, சாக்கு ஊசியால தைச்சு வச்சாளே, அந்தக் கட்டை மணியம் படம் பார்க்கத்தான் முதல்ல நீ எடுத்தே. அப்புறம் கரண்ட் போனாலும் மண்ணெண்ணெய் விளக்குக்குக் கீழே குப்புறப் படுத்துக்கிட்டு விடலை. இங்க ஒருத்திக்கும் நான் அதைச் சொல்லாம விட்டதில்லை. எம்மகள் சோறு கேக்க மாட்டா, புத்தகம் கேப்பான்னு. இப்ப என்னடான்னா ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்புல 'ஆன்லைன்'னு நிக்குது. டிவி பார்த்தா ஒரு நேரத்துல டிவிக்காரனே முடிச்சிருவான், போன்ல முடிவே இல்லை. ரெண்டு மணிக்கு நீ ஏன் முழிச்சிருந்தேன்னு என்கிட்டே கேக்காதே. வயசானா தூக்கம் அப்படித்தான். உனக்கு வயசாகலை.

தனியா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டே சாப்பிடாதே. தட்டுல என்ன இருக்குன்னு தெரியாமப் போகும். நான் சொல்றது ஈரக்கரண்டி விஷயம் மாதிரி சின்ன விஷயம்தான், ஆனா கேளு.

வரட்டி கையில இருந்தா பிரதமன் பாயசம் பத்து நிமிஷ வேலை. தேங்காப்பால்தான் விடணும். ரெண்டாம் பாலுல வரட்டியைக் கரைச்சுக் கொதிக்கவிடு. முதல் பாலை விட்டதும் அடுப்பை அணைச்சிரணும், கொதிச்சா திரிஞ்சு போகும். தேங்காப்பல்லு நெய்யில வறுத்துப் போடு. மாப்பிள்ளைக்கு அது நிறையப் போடணும், அவரு பல்லைத் தனியாப் பொறுக்கித் திங்கிற ஆளு. ஒரு ஆளுக்குன்னா வரட்டி ஒரு கைப்பிடி போதும். ரெண்டு ஆளுக்கு ரெண்டு. ஒரு ஆளுக்குச் செஞ்சாலும் பிரதமன் நல்லாத்தான் இருக்கும், மக்களே. மிச்சமானா ஃபிரிட்ஜுல வச்சு மறுநாள் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது.

அப்பா வீடியோவைப் பார்க்கலை. நான் ஒண்ணும் சொல்லவும் இல்லை. ஆனா ஒண்ணு, எதுக்கானாலும் 'அப்பவே சொன்னேன்'னு சொல்ற ஆள் அவுக இல்லை இப்ப. சொன்னாலும் நான் இருக்கேன்லா. உன் ரூம்ல கட்டில் மேலே கிடந்த பழைய பேப்பர் கட்டையெல்லாம் ஆக்கர் கடைக்குப் போட்டாச்சு. மெத்தையை வெயில்ல காய வச்சேன். சக்கை சீசனுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருகதுதானே வழக்கம், கொல்லத்துல இருந்து மதினியும் வருகா. லீவு கிடைச்சா பாரு, கிடைக்கலேன்னா வேண்டாம். வீட்டுல இருந்தே வேலைன்னா இங்க இருந்தும் செய்யலாம்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்லுதான், இண்டர்நெட் அவன் வீட்டு வரைக்கும் வந்தாச்சு.

வரட்டி ஆறிட்டுது, டப்பாவுல அடைக்கணும். சூட்டோட அடைச்சா வேர்த்துப் போகும். பகல்ல வீட்டுல இருக்கிறது அவருதான்னு எப்பவும் மாப்பிள்ளை பேருக்கும் அவரு நம்பருக்கும்தான் பார்சல் போடுவோம். இந்தத் தடவை யாரு பேரு எழுதணும், எந்த நம்பர், டப்பா ஒண்ணா ரெண்டா, இதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் நான் கேக்கலை. அப்பா சனிக்கிழமை காலையில நாகர்கோவில் போறாவ, வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள தெரிஞ்சா போதும். ரெண்டு மணியானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அம்மா