கட்டணம் இல்லை என்றார்கள், கையில் 6 லட்சம் கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் பரிமாற்றத் திட்டம் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். "அங்கே கல்விக் கட்டணம் கிடையாது" என்ற வரி அதில் இருந்தது. உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் போன வருடம் மாட்டிக்கொண்டோம். எங்களுக்கு நடந்ததை மற்ற பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மகள் வெளியூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2025 குளிர்கால செமஸ்டருக்குத் தேர்வானாள். இந்தத் திட்டத்தில் இங்கே கட்டும் கல்விக் கட்டணத்தை வழக்கம்போல இங்கேயே கட்ட வேண்டும், அங்கே தனியாகக் கட்ட வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறிய செமஸ்டர் தொகை மட்டும் உண்டு. பிப்ரவரியில் கல்லூரியில் நடந்த கூட்டத்தில் இவ்வளவுதான் சொன்னார்கள். வீடு திரும்பும் வழியில் என் கணவர் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். அவரை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

ஜூன் மாதம் அங்கிருந்து அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் விசாவுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தோம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் தன் செலவுக்கு மாதம் 992 யூரோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அதுதான் கணக்கு, ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ. இதை பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் முன்கூட்டியே மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதாமாதம்தான் எடுக்க முடியும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோ 100 ரூபாயைத் தாண்டியிருந்ததால் 6 லட்சத்துக்கு மேல் ஆனது. விசாவுக்கு 75 யூரோ தனி. விமான டிக்கெட், சென்னைக்கு அலைந்த செலவு எல்லாம் சேர்த்து 7 லட்சத்து 80 ஆயிரம்.

அந்த வருடம்தான் பெங்களூரா மாங்காய் விலை அடியோடு விழுந்தது. எங்கள் மாவட்டத்து விவசாயிகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போன லோடுக்கு, பறித்த கூலியும் வண்டி வாடகையும் போனால் மிஞ்சியது கொஞ்சம்தான்.

சரி, கல்விக் கடன் வாங்கலாம் என்று வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக்குப் போனோம். அனுமதிக் கடிதத்தைப் பார்த்த அதிகாரி, "கட்டணம் எவ்வளவு என்று இதில் போடவே இல்லையே, கடன் எதற்குக் கொடுப்பது?" என்று கேட்டார். கட்டணம் இல்லை என்பதுதானே திட்டமே என்றேன். முழுப் படிப்புக்குத்தான் வெளிநாட்டுக் கடன், ஒரு செமஸ்டருக்குக் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைப் பிறகு நானே தேடிப் படித்தேன். ஏழரை லட்சம் வரை சொத்தைப் பிணையாக வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. படிப்பை முடிக்கத் தேவையான கல்விப் பயணம், புராஜெக்ட் செலவுகளுக்கும் கடன் தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு திரும்பிப் போவதற்குள் விசாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. என் பத்துப் பவுனை அடகு வைத்து 5 லட்சம், ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒன்றரை லட்சம், மீதியை மாங்காய்ப் பணத்திலிருந்து போட்டு அனுப்பினோம்.

உதவித்தொகைக்கும் அலைந்தோம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இளநிலையில் ஒரு செமஸ்டர் போகிற பிள்ளைக்கு அதில் இடமில்லை. 1987-ல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் இப்போது நம் நாட்டு மாணவர்களுக்கும் மாதம் 800 யூரோவுக்குக் குறையாமல் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் கீழ் இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். எங்கள் கல்லூரிக்கு இருந்தது வெறும் பரிமாற்ற ஒப்பந்தம். இந்த வித்தியாசத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம், கணக்கில் 6 லட்சம் இருந்தும் முதல் மாதம் மகள் கஷ்டப்பட்டாள். அங்கே முகவரியைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் பிளாக்டு அக்கவுண்ட் பணம் வரும். அதற்குள் அறை முன்பணம், வாடகை, இன்சூரன்ஸ். கையில் கொடுத்தனுப்பிய 800 யூரோ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதன் பிறகு சிக்கனமாக இருந்து, வரும்போது 1,200 யூரோ மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாள். அதைக் கொண்டு இரண்டு பவுன் மீட்டோம். அவள் அங்கே இருந்த ஆறு மாதத்துக்கும் இங்கே ஹாஸ்டல் கட்டணம் 38 ஆயிரம் வாங்கிக்கொண்டார்கள். காலியாகக் கிடந்த கட்டிலுக்கு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டேன், விதி அப்படி என்றார்கள்.

போனதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே பேசவே கூச்சப்படுகிற பெண், அங்கே ஆய்வுக்கூடத்தில் மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்து, எடுத்த பாடம் அத்தனையிலும் தேறி வந்தாள். ஆனால் அவளோடு தேர்வான இன்னொரு மாணவி, தர்மபுரியிலிருந்து வந்தவள், பணம் புரளாமல் ஜூலையில் விலகிக்கொண்டாள். மதிப்பெண்ணில் என் மகளைவிட மேலே இருந்தவள். பிப்ரவரியிலேயே தொகையைச் சொல்லியிருந்தால் அவள் வீட்டில் ஐந்து மாதம் அவகாசம் கிடைத்திருக்கும்.

கல்லூரிகள் இந்தத் திட்டத்துக்கு மாணவர்களின் பெயரைக் கேட்டு வாங்கும் நாளிலேயே முழுச் செலவையும் தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். நான் முதல்வன், புதுமைப் பெண் என்று மாணவர்களுக்காக இவ்வளவு செய்கிற தமிழக அரசு, இந்த ஒரு செமஸ்டருக்கும் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழி செய்ய வேண்டும், கூட்டுறவு வங்கி மூலமாகவாவது. நீங்களும் கல்விப் பக்கத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும், எந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும் என்று வெளியிடுங்கள்.

இந்த வருடம் அதே கல்லூரியில் ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி தேர்வாகியிருக்கிறாள். அவள் அப்பா நேற்று போன் செய்து, "கட்டணம் இல்லையாமே, அம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொல்லி, 5,952 என்று முதலில் எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.